முன்பணத்துக்கு முன் மூடியைத் திறங்கள்

வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள், தாய்ப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள், போர்வெல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கிறார்கள். செப்டிக் டேங்க்கைத் திறந்து காட்டச் சொல்பவர்கள் குறைவு. பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களில் வீட்டுக் கழிவு முழுவதும் அந்தத் தொட்டியை நம்பித்தான் இருக்கிறது. கிரயம் முடிந்துவிட்டால் அதன் கோளாறெல்லாம் வாங்கியவர் தலையில். குறையைச் சொல்லி விலை பேச இடம் இருப்பது முன்பணம் கொடுக்கும்வரைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பொதுவாக வீடு கைமாறுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் தொட்டியைச் சோதித்திருக்க வேண்டும் என்பது விதி. நம் பத்திரப்பதிவில் அதை யாரும் கேட்பதில்லை. வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

ஒழுங்கான தொட்டியில் கசடு அடியில் படியும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் மட்டும் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். மூடியைத் திறந்து, வாயு கலைய நேரம் விட்டு, குனியாமல் எட்ட நின்று டார்ச் அடித்தால் நீர்மட்டம் தெரியும். ஆள் குடியிருக்கும் வீட்டில் அது வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறியிருந்தால் குழாயோ உறிஞ்சுகுழியோ அடைத்திருக்கிறது. வெகுவாக இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது. கழிவுநீர் லாரி உறிஞ்சும்போது அதே குழாய் வழியாக நீர் திரும்பி வந்தால், மண் இனி நீர் குடிக்காது என்று அர்த்தம். தொட்டி காலியானதும் தளம் இருக்கிறதா என்று பாருங்கள். சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியைத் திறந்தே விட்டு, அதையும் செப்டிக் டேங்க் என்றே சொல்லி விற்கிறார்கள். அதிலிருந்து கழிவுநீர் நேரே மண்ணில் இறங்குகிறது. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 தர விதி. 30-க்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடி, அதாவது 15 மீட்டர்தான். அங்கே போர்வெல் தண்ணீரையும் கோலிஃபார்ம், நைட்ரேட் இரண்டுக்கும் பரிசோதித்தே ஆக வேண்டும்.

விற்பவர் சம்மதிக்க மாட்டார் என்பார்கள். லாரிச் செலவை நாமே ஏற்றுக்கொண்ட பிறகும் மறுக்கிறார் என்றால் அந்த மறுப்பையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டியதுதான். பாதாளச் சாக்கடை வரப்போகிறது என்பதும் பதிலாகாது. இணைப்பு கிடைக்கும்வரை ஓட வேண்டியது இந்தத் தொட்டிதான். கோடையில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும் என்ற ஆட்சேபம் நியாயமானது. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும்போதுதான் பல குழிகள் திணறும். ஆனால் பொங்கிய தொட்டியின் உள்சுவரில், வெளியேறும் குழாய்க்கு மேலே, கறைக்கோடு தங்கியிருக்கும். போர்டிகோவில் மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், உடைக்க முடியாது என்பது இன்னொரு பதில். திறக்க முடியாத தொட்டியைச் சுத்தம் செய்யவும் முடியாது. லாரிக் குழாய் எட்டாத அறையில், கட்டிப்போன கசட்டை எடுக்க, கடைசியில் ஒரு மனிதரைத்தான் இறக்குகிறார்கள். விஷவாயுவில் அப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எனவே ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி உண்டா, லாரி நிற்கும் தெருவிலிருந்து குழாய் அதுவரை எட்டுமா என்பதையும் வீடு பார்க்கப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள்.