வால்வ் ஆம்ப்பின் பின்னால் உள்ள 4, 8, 16 குமிழ்

மார்ஷல் போன்ற வால்வ் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றின் பின்பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதைச் சுற்றி 4, 8, 16 என்று மூன்று எண்கள். ஸ்பீக்கர் பெட்டியின் பின்னாலும் இவற்றில் ஒன்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். பெல்ட் போட்ட வெட் கிரைண்டரைக் கழற்றிப் பார்த்தவருக்கு இது எளிதில் பிடிபடும்.

முதலில் மோட்டார். அது வேகமாகச் சுற்றும், ஆனால் தண்டில் அவ்வளவு பலம் இல்லை. கல்லுக்கு வேகம் வேண்டாம், மாவை அரைக்கும் பலம்தான் வேண்டும். ஆகவே நடுவில் ஒரு சின்ன புல்லி, ஒரு பெரிய புல்லி, ஒரு பெல்ட். வேகத்தைக் கொடுத்து பலத்தை வாங்குகிற ஏற்பாடு.

ஆம்ப்பில் மோட்டாரின் இடத்தில் இருப்பவை வால்வுகள். வோல்ட்டை வேகம் என்றும் ஆம்பியரைப் பலம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எல்.34 வால்வு இரண்டு போட்ட 50 வாட் ஆம்ப்பில் வால்வுகள் தருவது சுமார் 412 வோல்ட், 0.12 ஆம்பியர். 8 ஓம் ஸ்பீக்கருக்கு வேண்டியதோ 20 வோல்ட், 2.5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் அதே 50 வாட்தான். நடுவில் பெல்ட் வேலை பார்ப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஒரு பக்கம் நிறையச் சுற்று, மறுபக்கம் குறைந்த சுற்று. விகிதம் சுமார் 20.6.

இப்போது ஓம் கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட் 20.6 மடங்கு குறைகிறது, ஆம்பியர் 20.6 மடங்கு கூடுகிறது. ஆக வகுத்து வரும் எண் 20.6 மடங்கு அல்ல, 20.6 × 20.6, அதாவது சுமார் 424 மடங்கு மாறுகிறது. அதனால்தான் ஸ்பீக்கரின் 8 ஓம், வால்வுக்கு ஏறத்தாழ 3,400 ஓமாகத் தெரிகிறது. அந்த வால்வு ஜோடிக்குப் பிடித்தமான சுமை அதுதான்.

பலர் கோட்டை விடும் இடம் இதற்கடுத்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கு என்று சொந்தமாக 8 ஓம் கிடையாது. நீங்கள் எதை மாட்டுகிறீர்களோ அதைப் பெருக்கி வால்விடம் காட்டும், அவ்வளவுதான். குமிழை 8-இல் விட்டுவிட்டு 16 ஓம் பெட்டியை மாட்டினால் வால்வு 6,800 ஓமைப் பார்க்கும். 4 ஓம் பெட்டி என்றால் 1,700. 4 ஓம் என்பது கெட்டி மாவு: மோட்டார் முனகும், சூடாகும், வால்வுகள் சீக்கிரம் தேயும். 16 ஓம் நீர்த்த மாவு: வேகம், அதாவது வோல்ட், தேவைக்கு மேல் ஏறும். குமிழைத் திருப்பும்போது புல்லியின் அளவைத்தான் மாற்றுகிறீர்கள். ஒரு படி தவறினால் பல ஆம்ப்கள் தாங்கிக்கொள்ளும். பழைய ஆம்ப்பில் அந்தச் சோதனையை நான் செய்யமாட்டேன்.

பெட்டிகளைச் சேர்க்கும் கணக்கு சின்னது. ஆம்ப்பின் இரண்டு ஸ்பீக்கர் துளைகளும் பொதுவாக இணையாக இணைந்தவை. ஆக இரண்டு 16 ஓம் பெட்டி 8 ஆகும், இரண்டு 8 ஓம் பெட்டி 4 ஆகும். 8-ஐயும் 16-ஐயும் கலந்தால் 5.3 வரும். குமிழை 4-இல் வைக்கலாம். 8 ஓம் பெட்டிக்குத்தான் இரண்டு பங்கு வாட் போகும்.

ஒன்றையுமே மாட்டாவிட்டால்? காலி கிரைண்டர் சும்மா சுற்றும் என்ற நினைப்பு இங்கே உதவாது, ஆம்ப் அப்படியல்ல. சுருளில் காந்தமாகச் சேர்ந்த ஆற்றல் போக இடமில்லாமல் வோல்ட்டாக எகிறும். ஆயிரம் வோல்ட்டைத் தாண்டி, வால்வ் சாக்கெட்டில் பொறி பறந்து, சுருளின் காப்பு எரிந்துபோகலாம். இதனால்தான் ஃபெண்டர் தன் பழைய ஆம்ப்களில், ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கியதும் வெளியீடு தானாக ஷார்ட் ஆகும்படி துளையை அமைத்தது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பை எரிக்கும் ஷார்ட், வால்வ் ஆம்ப்புக்குக் கொஞ்ச நேரத்துக்காவது பாதுகாப்பு!

பெட்டியில் எண் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ஆம்ப்பிலிருந்து கழற்றிய பெட்டியின் துளையில் வைத்து அளந்தால் 8 ஓம் பெட்டி 6 அல்லது 7 காட்டும், 16 ஓம் பெட்டி 12 முதல் 14 வரை. மீட்டர் அளப்பது கம்பியின் தடையை மட்டுமே. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் உண்மையான ஓம் சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். பெட்டியை அளக்கலாம், ஆம்ப்பைத் திறக்க வேண்டாம். மின்சார பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கடைசியாக ஒயர். கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒரே மாதிரித் துளையில் போகும். கிட்டார் ஒயரின் நடுக்கம்பி மெலிசு, 2.5 ஆம்பியருக்காகச் செய்ததல்ல. சூடாகி அது கச்சேரி நடுவில் அறுந்தால், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்பை முழு ஒலியில் வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.