தென்காசி பாஸஞ்சர்

ஆனி பிறந்து குற்றால மலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி ரெயில் நிலையத்துக்குத் தனிக்களை வந்துவிடும். சென்னையில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறியவர்கள் காலையில் குடும்ப சமேதராய் வந்து இறங்குவர். அருவி அங்கிருந்து சுமார் மூன்று மைல். குற்றாலத்துக்கெனத் தனி ரெயில் நிலையம் கிடையாதாகையால், நீராட வருவோர்க்குத் தென்காசியே வாசற்படி. அவர்கள் வரட்டும், அவர்களால் ஊரில் பலருக்குப் பிழைப்பு உண்டு. எனினும் நாம் இன்று எழுதப் புகுந்தது அவர்களைப் பற்றியன்று.

அதே மேடையில், சாரல் இருந்தாலும் வெயில் காய்ந்தாலும், அன்றாடம் வந்து நிற்கும் வேறொரு கூட்டம் உண்டு. திருநெல்வேலிக் கலாசாலைகளுக்குப் போகும் மாணவர், பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கைத்தாங்கலாய் அழைத்துச் செல்வோர், கூடைக்காரப் பெண்கள், குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள் ஆகிய இவர்களே அக்கூட்டம். குற்றாலத்தில் ‘சீசன்’ என்றால் அருவி. இவர்களுக்கோ ‘சீசன்’ என்றால் மாதச் சீட்டு. முன்னதற்காக அதிகாரிகள் படும் கவலையில் கால் பங்கு பின்னதற்காகப் பட்டிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ஆலங்குளம் வழியாகச் செல்லும் சாலை ஏறக்குறைய நேர் சாலை. ரெயில் பாதையோ தாமிரவருணிக் கரையை அனுசரித்துத் தெற்கே வளைந்து, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர் ஊராகத் தொட்டு, பிறகு வடக்கே திரும்பி, ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்ச்சத்திரம் வழியாய்த் தென்காசி சேருகிறது. சாலையில் 50 கிலோமீட்டர் சொச்சம். ரெயிலில் 70க்குக் குறையாது. சுற்று வழி என்று இதைப் பழிப்பவர் உளர். அந்தச் சுற்றுதான் அதன் பயனென்று நாம் சொல்லுகிறோம். அம்பாசமுத்திரத்து நெல்லுக்கும், கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும், பாவூர்ச்சத்திரத்துக் காய்கறிக்கும், அவற்றை விளைத்தும் விற்றும் வாழும் ஜனங்களுக்கும் ஏற்பட்ட பாதை அது. பாரதியார் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையமும் இப்பாதையில்தான் இருக்கிறது.

இது அந்நியர் ஆட்சியில் போட்ட பாதை. 1902-இல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரையிலும், 1903-இல் செங்கோட்டை வரையிலும் வந்தது. 1904-இல் ஆரியங்காவு மலையைக் குடைந்து புனலூர் வழியே கொல்லத்தோடு இணைந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் முதல் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அவ்வூரில் பிறந்த வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17-இல் ஆஷ் துரையைச் சுட்டதும் மணியாச்சி ரெயில் நிலையத்திலேயே. 1927-இல் விருதுநகர்ப் பாதையும் வந்து சேர, தென்காசி ஜங்ஷனாயிற்று.

சுதந்திர இந்தியாவில் இப்பாதைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். விருதுநகர்ப் பாதை 2004-இலும், திருநெல்வேலிப் பாதை 2012-இலும் அகலப்பாதையாயின. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010-இல் நின்ற போக்குவரத்து 2018-இல்தான் முழுமையாக மீண்டது. மலைப்பாதை வேலையாதலின் ஜனங்கள் எட்டு வருஷம் பொறுத்தனர். பின்னர் மின்சாரக் கம்பியும் வந்தது. இத்தனையும் ஜனங்களின் வரிப்பணம். இத்தனைக்கும் பிறகு, திருநெல்வேலிக்கும் செங்கோட்டைக்கும் இடையே எல்லா நிலையங்களிலும் நின்று போகும் சாதாரண வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதே நமது முறையீடு. தண்டவாளம் அகன்றது, அதன் மேல் ஏழைக்குள்ள இடம் அகலவில்லை. ஒரு வண்டியைத் தவறவிட்டவன் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்கிறான், அல்லது இரட்டிப்புக்கு மேல் கொடுத்து பஸ் ஏறுகிறான்.

2020 மார்ச்சில் கொள்ளைநோயை முன்னிட்டு நாடெங்கும் பிரயாணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டதை ஒருவரும் குறை கூறார். அவை மீண்டபோது நடந்ததுதான் விந்தை. அதே வண்டி, அதே பெட்டி, அதே நிலையங்களில் நின்று அதே வேகத்தில் ஊர்ந்தது. பெயர் மட்டும் ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ ஆயிற்று. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. பெயரை மாற்றி மும்மடங்கு பணம் வாங்கும் இவ்வித்தையை ஒரு வியாபாரி செய்திருந்தால் அவனை என்னவென்று அழைப்போம்? பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியிலேதான். இடையில் கூலிக்காரன் கொடுத்த அதிகப்படிக்குக் கணக்குமில்லை, சமாதானமுமில்லை.

1917-இல் காந்தியடிகள் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தின் அவதிகளை எழுதியபோது, முதல் வகுப்புக்காரர் கொடுக்கும் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்டதெனினும், ஏழைக்கு அவர் பெறும் சௌகரியத்தில் ஐந்திலொரு பங்காவது, பத்திலொரு பங்காவது கிடைக்கிறதா என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1970களில் மறைந்தது. கேள்வி மறையவில்லை.

இப்போது புதிய காரணமும் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. முன்னெல்லாம் கலெக்டரைக் காணத் தென்காசிக்காரன் கிழக்கே போனான். இன்று கடையத்தானும் பாவூர்ச்சத்திரத்தானும் சங்கரன்கோவிலானும் மனுவோடு தென்காசிக்கு வரவேண்டும். ஆகவே காலையில் இரு திசையிலும் கூட்டம், மாலையிலும் அப்படியே. கச்சேரி திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் அறிந்து வண்டி விடுவது பெரிய சாஸ்திரமா?

ஒற்றைப் பாதையாயிற்றே என்று ரெயில்வேயார் சொல்லுவர். மெய்தான். எதிரெதிர் வண்டிகள் விலகும் நிலையங்களை அதிகமாக்கினால் ஒற்றைப் பாதையிலும் வண்டிகளைக் கூட்டலாம். மின்சாரக் கம்பி தயாராய் இருக்கிறது. ‘மெமு’ வண்டிகளை இங்கே விடலாம். அவற்றுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. எஞ்சினைக் கழற்றி மாட்டும் தாமதமில்லை. சட்டென நின்று சட்டெனப் புறப்படுவதால், அடிக்கடி நிற்க வேண்டிய இத்தகைய பாதைக்கு அவையே உகந்தவை. திருநெல்வேலியிலிருந்து ராஜபாளையத்துப் பக்கம் போகும் வண்டி தென்காசியில் திசை மாறவேண்டியிருப்பதால், அங்கும் இவ்வசதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

தென்காசி நிலையத்தைப் புதுப்பிக்க 2023 ஆகஸ்டில் அஸ்திவாரம் நாட்டினார்கள். முகப்பு அழகாயிருக்கட்டும், ஆட்சேபமில்லை. ஆனால் அடுத்த கால அட்டவணை தயாராகும்போது, மதுரைக் கோட்டத்து அதிகாரிகள் ஒரு வாரநாள் காலையில் அம்பாசமுத்திரத்தில் சாதாரண டிக்கெட் வாங்கி, இருக்கை கிடைத்தால் உட்கார்ந்தும் கிடைக்காவிடில் நின்றும், தென்காசி வரை ஒருமுறை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். நமது சட்டசபை, பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் உடன் வரலாம்.