பகைவர் எழுதி வைத்த வரலாறு

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். உங்கள் குடும்பத்திற்கும் எதிர்வீட்டுக் குடும்பத்திற்கும் மூன்று தலைமுறைகளாகத் தீராத பகை. இறுதியில் உங்கள் வீடு இடிக்கப்பட்டு, பத்திரங்களும் கடிதங்களும் சாம்பலாகி விடுகின்றன. நெடுங்காலத்திற்குப் பின் வருகின்ற ஒருவர், உங்கள் குடும்பத்தார் எத்தகையவர்கள் என்று அறிய விரும்புகின்றார். அவர் கைக்குக் கிடைப்பதோ எதிர்வீட்டார் எழுதி வைத்த குறிப்பேடு ஒன்று மட்டுமே. அதை வைத்து அவர் உங்களைப் பற்றி என்ன தீர்ப்பு வழங்குவார்?

இப்படியொரு நிலைக்கு ஆளான நகரம் ஒன்று உண்டு. அதன் பெயர் கார்த்தேஜ். இன்றைய தூனிஸியா நாட்டின் தலைநகருக்கு அருகில், கடலோரத்தில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. வணிகத்தில் செழித்த அந்நகரம் கி.மு. 264-க்கும் 146-க்கும் இடையில் ரோமாபுரியுடன் மூன்று பெரும் போர்களை நடத்திற்று. மூன்றாவது போரின் முடிவில் ரோமர்கள் அதனை எரித்து அழித்தனர். அங்கிருந்த நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்து விட்டதாக ரோம அறிஞர் பிளினி எழுதுகின்றார். மாகோ என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய 28 பாகங்களை மட்டும் இலத்தீனில் மொழிபெயர்க்குமாறு ரோம ஆட்சி மன்றம் ஆணையிட்டது. அந்த மொழிபெயர்ப்பும் முழுமையாக இன்று இல்லை. பிறர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன.

ஆகவே கார்த்தேஜ் மக்களைப் பற்றியும், அவர்களின் மாவீரன் ஹன்னிபாலைப் பற்றியும் நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, அவர்களை வென்றவர்களும் வென்றவர்களின் நண்பர்களும் எழுதியதே. அப்படியானால் அவற்றைத் தூக்கி எறிந்து விடலாமா? அல்லது எழுதியிருக்கிறதே என்று அப்படியே ஏற்றுக் கொள்ளலாமா? இரண்டுமே தவறு. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எழுதியவர்கள் யார்?

ஹன்னிபால் கி.மு. 218-இல் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் புகுந்தான். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ரோமர்களை அவர்கள் மண்ணிலேயே கலங்கடித்தான். இறுதியில் கி.மு. 202-இல் ஸாமா என்னுமிடத்தில் தோல்வியுற்றான். இந்தப் போரைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்பவர்கள் இருவர்.

முதலாமவர் பொலிபியஸ். இவர் கிரேக்கர். கி.மு. 167-இல் பணயக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்பட்டவர். இவர் எழுதிய 40 நூல்களில் முதல் ஐந்து மட்டுமே முழுமையாகக் கிடைத்துள்ளன. மற்றவை சிதறல்களாக உள்ளன. போரில் பங்கு கொண்ட முதியவர்களைச் சந்தித்துப் பேசும் வாய்ப்பு இவருக்கு இருந்தது. ஹன்னிபால் சென்ற வழியை அறிவதற்காகத் தாமே ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று வந்தார்.

இரண்டாமவர் லிவி. கி.மு. 59-இல் பிறந்து கி.பி. 17-இல் மறைந்தவர். ரோமாபுரியின் வரலாற்றை 142 நூல்களாக எழுதினார். அவற்றுள் 35 நூல்களே இன்று நம்மிடம் உள்ளன. போர் முடிந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர் என்பதால், முன்னோர் எழுதியவற்றையே இவர் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

ஹன்னிபாலின் தரப்பில் எழுதியவர்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தார்கள். ஸோஸிலஸ், ஸிலேனஸ் என்னும் இரு கிரேக்கர்கள் அவனுடைய முகாமிலேயே உடனிருந்து எழுதினர். அவர்களின் நூல்கள் சில துணுக்குகள் தவிர மறைந்து விட்டன. அந்த ஸோஸிலஸின் எழுத்தை முடிதிருத்தும் கடையில் பேசப்படும் வம்புக்கு ஒப்பிட்டு ஒதுக்குகின்றார் பொலிபியஸ். அந்தத் தீர்ப்பு நியாயமானதா என்று சரி பார்க்க இன்று நமக்கு வழியில்லை. பொலிபியஸும் சார்பற்றவர் அல்லர். கார்த்தேஜை அழித்த தளபதி ஸிப்பியோ எமிலியானஸ் அவருடைய நெருங்கிய நண்பர் என்பதை நாம் மறந்து விடக் கூடாது.

எண்ணிக்கையில் எத்தனை வேறுபாடு!

ஹன்னிபால் இத்தாலிக்குள் நுழைந்தபோது அவனிடம் எத்தனை வீரர்கள் இருந்தனர்? லிவி தமக்குக் கிடைத்த கணக்குகளை ஒளிக்காமல் எடுத்து வைக்கின்றார். மிகக் கூடுதலான கணக்கு ஒரு இலட்சம் காலாட்படையும் 20,000 குதிரைப் படையும். மிகக் குறைவான கணக்கு 20,000 காலாட்படையும் 6,000 குதிரைப் படையும். ஹன்னிபாலிடம் கைதியாக இருந்த ஸின்ஸியஸ் அலிமென்டஸ் என்னும் ரோமர், வழியில் சேர்ந்து கொண்ட பிற இனத்தாரையும் கூட்டி, 80,000 காலாட்படையும் 10,000 குதிரைப் படையும் என்று எழுதியிருந்தார்.

இவற்றுள் எதை ஏற்பது? பொலிபியஸ் ஒரு சான்றைக் காட்டுகின்றார். இத்தாலியின் தென்கோடியில் லஸீனியம் என்னும் முனையில், ஹன்னிபால் தன் படைக் கணக்கைப் பொறித்து வைத்த வெண்கலப் பட்டயத்தைத் தாமே கண்டதாக அவர் கூறுகின்றார். அதில் இருந்த எண்ணிக்கை 20,000 காலாட்படையும் 6,000 குதிரைப் படையுமே. எதிரியே எழுதி வைத்த கணக்கை, ரோமர்களின் நண்பர் ஒருவர் நேரில் சென்று படித்து நமக்குத் தந்திருக்கிறார்!

ஆயினும் அதே பொலிபியஸை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக் கொண்டு பின்பற்ற இயலாது. கி.மு. 216-இல் கன்னே என்னுமிடத்தில் ரோமர்கள் படுதோல்வி அடைந்தனர். மாண்டவர்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்கிறார் பொலிபியஸ். லிவியோ 45,500 காலாட்களும் 2,700 குதிரை வீரர்களும் என்கிறார். இங்கே லிவியின் கணக்கே நம்பத் தக்கது என்று இன்றைய ஆய்வாளர்களில் பலர் கருதுகின்றனர். ஒருவர் ஓரிடத்தில் உண்மையாளராக இருந்தால் எல்லா இடத்திலும் பிழையற்றவராக இருப்பார் என்பதில்லை.

மறுத்த செயலுக்குப் பழி

இப்போது எண்ணிக்கையை விட முக்கியமான ஒன்றுக்கு வருவோம். ஒரு மனிதனின் பெயர் எப்படிக் கெடுக்கப்படுகிறது என்பது அது.

ஸ்பெயினிலிருந்து இத்தாலிக்குச் செல்லத் திட்டமிட்டபோது, அந்நெடுவழியில் படைக்கு உணவு எங்கே கிடைக்கும் என்ற கவலை எழுந்தது. ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து, வீரர்களை மனித மாமிசம் உண்ணப் பழக்கினாலன்றி வேறு வழியில்லை என்றான். அவன் பெயரும் ஹன்னிபால்தான். மொனோமாகஸ் என்ற பட்டப் பெயர் அவனுக்கு உண்டு. அந்த யோசனையைச் செயல்படுத்தத் தளபதி ஹன்னிபாலுக்கு மனம் ஒப்பவில்லை. இத்தாலியில் தளபதி செய்ததாகச் சொல்லப்படும் கொடுமைகள் சில, உண்மையில் இந்த மொனோமாகஸ் செய்தவை என்றும் சொல்லப்படுவதாகப் பொலிபியஸ் பதிவு செய்கின்றார்.

இனி லிவியின் நூலைப் புரட்டுங்கள். கன்னேயில் தோற்றுப் போன ரோமத் தளபதி வாரோ, கபுவா நகரத்திலிருந்து வந்த தூதர்களிடம் பேசுகின்றார். அந்நகரம் ஹன்னிபாலின் பக்கம் சாய்ந்து விடுமோ என்ற அச்சம் நிலவிய நேரம் அது. அந்தப் பேச்சில், ஹன்னிபால் தன் படையினரை மனித மாமிசம் உண்ணப் பழக்கியவன் என்ற குற்றச்சாட்டு வந்து விழுகின்றது! ஒருவன் சொல்ல, மற்றவன் மறுத்த யோசனை, மறுத்தவனே செய்த குற்றமாக மாறி விட்டது.

இங்கே இரண்டு செய்திகளை நாம் மனத்தில் இருத்த வேண்டும். அக்கால வரலாற்றாசிரியர்கள், அந்தந்தச் சூழலில் என்ன பேசியிருக்கக் கூடும் என்று எண்ணித் தாமே சொற்பொழிவுகளை அமைத்து எழுதுவது வழக்கம். ஆகவே அந்தப் பேச்சு வாரோவின் வாய்ச் சொல் என்று கொள்வதற்கில்லை. இரண்டாவதாக, பேசுபவருக்கு ஒரு தேவை இருந்தது. தூதர்களை அச்சுறுத்தித் தம் பக்கம் நிறுத்த வேண்டும். அந்த அச்சுறுத்தல் பலிக்கவுமில்லை. கபுவா நகரம் ஹன்னிபாலுடன் சேர்ந்து கொண்டது.

அதே லிவிதான் வேறோரிடத்தில், மொழியும் வழக்கமும் வேறுபட்ட பல இன வீரர்கள் கலந்த படையை அத்தனை ஆண்டுகள் அயல் மண்ணில் நடத்தியும், ஹன்னிபாலுக்கு எதிராக ஒரு கலகம் கூட மூளவில்லை என்று வியந்து எழுதுகின்றார். பகைவரின் புகழுரைக்கு மதிப்பு அதிகம். தனக்குப் பாதகமானதை ஒருவர் தாமே ஒப்புக் கொள்ளும்போது அச்சாட்சியம் வலுப் பெறுகின்றது அல்லவா?

நாம் சேர்த்த உப்பு

தவறு முழுவதையும் பழங்காலத்தார் மீதே சுமத்துவதும் நியாயமாகாது. கார்த்தேஜை அழித்த ரோமர்கள், இனி அங்கே புல்லும் முளைக்கக் கூடாதென்று நிலத்தை உழுது உப்பை விதைத்தனர் என்ற கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். இந்த உப்பைப் பற்றி ரோம, கிரேக்க ஆசிரியர் எவரும் எழுதவில்லை. இது நவீன காலத்தார் சேர்த்த கதை. ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுத, அது வரலாறாகி விட்டது. 1986-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இதனைச் சுட்டிக் காட்டினர். அழித்தது உண்மை, எரித்தது உண்மை, எஞ்சிய மக்களை அடிமைகளாக விற்றதும் உண்மை. உப்பு மட்டும் கற்பனை. பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுகிறோம் என்பதால் இல்லாததைச் சேர்க்க நமக்கு உரிமை வந்து விடுமா?

தூனிஸ் மண்ணின் மைந்தர்

கார்த்தேஜின் இடிபாடுகளுக்கு அருகிலுள்ள தூனிஸ் நகரில் 1332-இல் பிறந்தவர்தாம் இப்னு கல்தூன். 1377-இல் அவர் எழுதிய முகத்திமா என்னும் நூலின் தொடக்கத்திலேயே, வரலாற்றாசிரியர்கள் எண்ணிக்கைகளை ஊதிப் பெருக்குவதைக் கண்டிக்கின்றார். மூஸா (அலை) அவர்களுடன் பாலைவனத்தில் ஆறு இலட்சம் போர் வீரர்கள் இருந்ததாக மஸ்ஊதி போன்றோர் எழுதியதை எடுத்துக் கொண்டு, அத்தனை பெரிய படை எந்த நிலப் பரப்பில் அணிவகுக்க முடியும், அதற்கு உணவளிப்பது யார் என்று கேட்கின்றார். கண்ணியம் மிக்க முன்னோர் எழுதினார் என்பதற்காக அவர் கேள்வியை விழுங்கி விடவில்லை.

அவர் ரோமர்களின் வரலாற்றைக் கற்றது எவ்வாறு? ஐந்தாம் நூற்றாண்டில் ஒரோஸியஸ் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் இலத்தீனில் எழுதிய உலக வரலாறு, பத்தாம் நூற்றாண்டில் முஸ்லிம் ஸ்பெயினில் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. அரபியர் அந்த ஆசிரியரை ஹுரூஷியூஷ் என்று அழைத்தனர். அதன் கையெழுத்துப் பிரதி ஒன்று இன்றும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் உள்ளது. வேற்று மதத்தவர் எழுதியது என்று இப்னு கல்தூன் அதனை ஒதுக்கவில்லை. பெயர் குறிப்பிட்டு எடுத்தாண்டிருக்கிறார்.

மதரஸாவில் பாடம் பயிலும் பிள்ளைகளுக்கு இந்த முறை புதிதன்று. ஒரு செய்தி வந்தால் அறிவித்தவர் யார், அவர் எவரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா என்று விசாரிக்கும் பழக்கத்தை ஹதீஸ் கலை அவர்களுக்குக் கற்றுத் தருகின்றது. அதே கேள்விகளைப் பள்ளிக் கூடத்து வரலாற்றுப் பாடத்திலும் கேட்க அவர்களைப் பழக்குவது பெற்றோராகிய உங்கள் கையில் இருக்கிறது. நம்மைப் புகழும் வரலாற்றிடமும் நம்மைப் பழிக்கும் வரலாற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். ஒன்றிடம் மட்டும் கேட்டு, மற்றதை விட்டு விட்டால் அது விசாரணை ஆகாது.

வீட்டிலும் இது பொருந்தும். அண்டை வீட்டாரைப் பற்றியோ, சம்பந்தி வீட்டாரைப் பற்றியோ ஒரு சொல் வந்து சேரும்போது, அது அவர்கள் செய்த செயலா, வேறொருவர் சொல்லி அவர்கள் மறுத்த யோசனையா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஹன்னிபாலுக்காகப் பேச இன்று அவனுடைய மக்கள் இல்லை. உங்கள் அண்டை வீட்டாரோ அருகிலேயே இருக்கிறார்கள். கதவைத் தட்டி அவர்களிடமே கேட்டு விடலாம்.