பெரிய ஃபீட் பம்ப் மாட்டினால் வண்டி இழுக்குமா?

‘வண்டி காலியாகப் போகும்போது நன்றாக ஓடுகிறது. காய்கறி மூட்டை ஏற்றி மேட்டில் போனால் இழுவை இல்லை. சில நேரம் நின்றே போகிறது. ஃபீட் பம்பைப் பெரியதாக மாற்றலாமா?’ டீசல் பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

இதே தொல்லையை நானும் அனுபவித்திருக்கிறேன். தாளவாடி முட்டைகோஸைச் சந்தையில் இறக்கிவிட்டு, உர மூட்டைகளோடு பண்ணாரியில் இருந்து திம்பம் மலை ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. பாதி மலையில் வண்டி நின்றுவிட்டது. கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். ஒரு பட்டறையில், ‘மெயின் பம்பே போச்சு’ என்று சொல்லி, ஒரு போக வெள்ளாமைப் பணத்தைக் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால், டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருந்த ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு!

‘டீசல் ஒழுகவே இல்லையே?’ என்று கேட்பீர்கள். ஃபீட் பம்ப் இன்ஜின் பக்கம் இருந்தால், டேங்கில் இருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. அந்த ஹோஸில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். லோடு ஏறும்போது இன்ஜின் கூடுதல் டீசல் கேட்கும். அப்போதுதான் குறை வெளியே தெரியும். ஃபில்டர் அடைத்தாலும் இதே அறிகுறிதான்.

பெரிய பம்ப் போட்டால் மட்டும் இழுவை கூடிவிடாது. இன்ஜெக்டர் அளந்து கொடுப்பதைத்தான் இன்ஜின் எரிக்கும். மீதி டீசல் ரிட்டர்ன் லைன் வழியே திரும்பிவிடும்.

ஆனாலும் அந்த யோசனை முழுக்கத் தப்பு இல்லை. அமெரிக்காவில் 1998 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப்களில், 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினோடு விபி44 என்ற இன்ஜெக்‌ஷன் பம்ப் இருந்தது. அதைக் குளிர வைப்பதும் வழவழப்பாக வைப்பதும் உள்ளே ஓடும் டீசல்தான். இன்ஜினில் மாட்டிய ஃபீட் பம்ப் தளர்ந்துபோனது தெரியாமல் ஓட்டியவர்கள், விலை கூடிய விபி44-ஐயும் பறிகொடுத்தார்கள். அதனால் பலர் டேங்க் பக்கத்திலேயே வலுவான மின்சார பம்ப் வைத்தார்கள். கூடவே டீசல் பிரஷர் கேஜும் மாட்டினார்கள். பம்பைவிட அந்த கேஜ்தான் நமக்குப் பாடம்.

எனவே முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஹோஸ், கிளாம்ப், டேங்கில் உள்ள சல்லடை எல்லாவற்றையும் பாருங்கள். ஃபில்டருக்கு முன்னால் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒரு துண்டு மாட்டினால், குமிழி ஓடுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். குமிழி இருந்தால் சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, அதில் இருந்து நேராக இழுக்க விடுங்கள். அப்போது வண்டி ஒழுங்காக ஓடினால் குறை டேங்க் பக்கம்தான். இதெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால், லோடு ஏற்றிய நிலையில் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் பம்பை மாற்றலாம். அதே அளவுள்ள பம்பே போதும்.

காமன் ரெயில் வண்டிகளில் இன்னும் கவனம் தேவை. சிலவற்றில் ஃபீட் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் உயர் அழுத்த பம்போடு சேர்ந்தே இருக்கும், தனியாகக் கழற்ற முடியாது. கூடுதல் அழுத்தம் கொடுத்தால் சீல் கெடலாம், வாரன்ட்டியும் போகலாம். முக்கியமாக, இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. 1,000 பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.