முடக்குவாதமும் முதுமையும்: ஓவியர் றெனுவாரின் இறுதிக்காலம்

உண்பதும் உடுப்பதும், எழுதுவதும் இயற்றுவதும், குழந்தையைத் தழுவுவதும் பெரியோரைக் கும்பிடுவதும் கையின் செயல்களே. ஆதலின் கையைப் பற்றும் நோய் உடலின் ஓர் உறுப்பை மாத்திரம் பற்றுவதன்று. தன் கருமத்தைத் தானே ஆற்றும் மனிதனுடைய பெருமிதத்தையும் அது பற்றுகின்றது. முதுமையை வருத்தும் முடக்குவாதம் இத்தகைய நோயாகும். அதனைத் தாங்கி வாழ்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு மருத்துவம் ஒரு பகுதி விடையையே தருகின்றது. மற்றைப் பகுதியை நோயுற்று வாழ்ந்தோர் வரலாற்றிலே தேடவேண்டும். அவ்வகையில், பிரான்சு தேசத்து ஓவியர் ஒகுஸ்த் றெனுவாரின் இறுதிக்காலம் ஊன்றி நோக்கற்பாலது.

மூட்டுநோய்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. முதுமையில் மூட்டுக்களின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது ஒன்று, முடக்குவாதம் வேறொன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் நெறிபிறழ்ந்து, மூட்டுக்களின் உட்புறத்தே அமைந்த மென்சவ்வைப் பகையெனக் கொண்டு தாக்குவதே பின்னையதன் இயல்பு. சவ்வு வீங்கித் தடிக்கும். குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும். காலப்போக்கில் விரல்கள் ஒருபுறமாகச் சாய்ந்து மடங்கும். பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுக்களும் ஒருங்கே தாக்கப்படும். காலையில் எழுந்தபின் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பு இதன் முக்கியமான குறியாகும். சோர்வும் மெலிவும் இரத்தக்குறைவும் உடன்வருதலின், இதனை மூட்டுநோய் என்பதினும் முழுவுடல் நோய் என்பதே பொருத்தமாம். ஆடவரிலும் பார்க்கப் பெண்டிரையே இந்நோய் மிகுதியாகப் பற்றுகின்றது. புகைபிடித்தல் இதற்குத் துணைக்காரணங்களுள் ஒன்று என்பது இன்று தெளிவாகியுள்ளது.

றெனுவார் 1841ஆம் ஆண்டிலே லிமோஜ் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். இளமையிற் பீங்கான் கலங்களுக்குச் சித்திரந் தீட்டிப் பிழைத்த அவர், 1874இல் நிகழ்ந்த கண்காட்சியின் வாயிலாகப் புதுநெறி ஓவியர் குழுவினருள் ஒருவராக அறியப்பட்டார். ஏறக்குறைய ஐம்பது வயதில், 1892ஆம் ஆண்டளவில், முடக்குவாதம் அவரைத் தொட்டது. 1897இல் துவிச்சக்கரவண்டியிலிருந்து விழுந்து வலக்கை முறிந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நோய் முற்றிற்று. தென்பகுதியின் வெயிலை நாடிக் கான் என்னும் ஊரையடைந்து, 1907இல் ஓர் ஒலிவத் தோட்டத்தை வாங்கினார். ஊன்றுகோல் ஒன்று இரண்டாகி, 1912ஆம் ஆண்டளவில் அவர் சக்கர நாற்காலியிலேயே அமரவேண்டியவரானார். நோயின் போக்கைத் தடுக்கவல்ல மருந்து எதுவும் அக்காலத்தில் இருந்ததில்லை.

மடங்கிப்போன அவர் கையில் தூரிகையைக் கட்டிவிடுவர் என்றொரு கதை இன்றும் வழங்குகின்றது. அஃது உண்மையன்று. விரல்கள் அழுந்தி உள்ளங்கைத் தோல் புண்படாதிருத்தற்பொருட்டுத் துணி சுற்றப்பட்டது. அதனைக் கண்டோர் தூரிகையைப் பிணித்த கட்டெனக் கருதினர் போலும். உண்மையில் உடனிருப்பவர் ஒருவர் தூரிகையை அவர் விரல்களிடையே வைப்பார்; அதனைப் பற்றி அவரே தீட்டுவார். 1915இல் சாஷா கித்ரி என்பவர் எடுத்த சலனப்படம் அவர் தீட்டுங் காட்சியை இன்றும் காட்டுகின்றது. கட்டுக்கதை ஒரு தனிவீரனைப் படைக்கின்றது. உண்மையோ, பிறர் கை நீட்டிய தூரிகையை நாணமின்றி ஏற்ற ஒரு முதியவரைக் காட்டுகின்றது. நோயாளர்க்குப் பயன்படுவது பின்னையதே.

அவர் தொழிலை விடவில்லை. தொழில் செய்யும் முறையையே மாற்றினார். விரல்கள் இயங்கிய காலத்தில் நாள்தோறும் காலையிற் சிறு பந்துகளை எறிந்து பிடித்துக் கைக்குப் பயிற்சி அளித்தார். பெரிய படங்களைத் தீட்ட எழுந்து நிற்க இயலாதபோது, சித்திரத் துணியை உருளைகளிற் சுற்றி, வேண்டிய பகுதியைத் தம்முன் வரச்செய்தார். தோட்டத்தினுள்ளே கண்ணாடிச் சுவர்களையுடைய சிறு கூடமொன்று அமைத்து, அங்கிருந்தே ஒளியையும் மரங்களையும் நோக்கினார். களிமண்ணைப் பிசையக் கைகள் உதவாவிடத்து, 1913 முதல் றிச்சார் கினோ என்னும் இளஞ்சிற்பியின் கைகளைத் துணைக்கொண்டு சிலைகளை உருவாக்கினார். பிற்காலத்தில், 1973ஆம் ஆண்டில், பிரான்சிய நீதிமன்றம் கினோவும் அச்சிலைகளின் இணையாசிரியரே எனத் தீர்ப்பளித்தது. உதவிய கைக்கும் உரிய பெருமை உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

அவர் மைந்தரும் திரைப்பட நெறியாளருமாகிய ழான், 1962இல் வெளியிட்ட தந்தையின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். மருத்துவர் ஒருவர் தம் சிகிச்சையினால் றெனுவாரை மீண்டும் எழுந்து நடக்கச் செய்தார். சில அடிகள் நடந்த றெனுவார், நடப்பதற்கே தம் மனவலிமை முழுவதும் செலவாகின்றது, ஓவியத்துக்கு எதுவும் எஞ்சாது என்று கூறி நாற்காலிக்குத் திரும்பினார்; பின்னர் நடக்க முயலவில்லை. இதனைத் தோல்வியெனக் கொள்ளுதல் தவறு. குறைந்துவிட்ட ஆற்றலை எதற்குச் செலவிடுவது என்று தாமே தீர்மானித்த உரிமை அது. எல்லாவற்றையும் முன்போலச் செய்ய முயல்வோர் விரைவில் நொந்துபோவர். எல்லாவற்றையும் கைவிடுவோர் உள்ளத்தால் முதலில் முடங்குவர். உயிருக்கு இனிய ஒன்றைக் காக்கும்பொருட்டு ஏனையவற்றை விட்டுக்கொடுப்பதே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

உள்ளத்து வேதனையும் அவர்க்குக் குறைவாயிருக்கவில்லை. முதலாம் உலகப்போரில் மைந்தர் இருவர் காயமுற்றனர். 1915இல் மனைவியார் மறைந்தார். அத்துயரங்களின் நடுவிலும் அவர் தூரிகையை வைத்துவிடவில்லை. முடக்குவாதம் உற்றோரிடையே மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகின்றது என்பது இன்றைய மருத்துவர் கண்ட உண்மை. அது மனவுறுதிக் குறைவன்று. சிகிச்சை பெறவேண்டிய நோயின் ஒரு கூறேயாகும். வலி பிறர் கண்ணுக்குத் தோன்றாதது. நேற்று இயன்றது இன்று இயலாமற் போவதும் உண்டு. இதனை அறியாத சுற்றத்தார் நோயாளரைச் சோம்பர் எனக் கருதுவர்; அல்லது அன்பு மிகுதியால் அனைத்தையும் தாமே செய்து அவரைச் செயலற்றவராக்குவர். இரண்டும் துன்பந் தருவனவே. கேட்ட உதவியைச் செய்வதும், இயன்றதை அவரே செய்யுமளவும் பொறுத்திருப்பதுமே உண்மைத் துணை.

எனினும், றெனுவாரின் பொறுமையை வியப்பவர்கள் ஒன்றை மறத்தலாகாது. அவர் பொறுத்த துன்பத்திற் பெரும்பகுதியை இன்று ஒருவரும் பொறுக்கவேண்டியதில்லை. 1948இல் பிலிப் ஹெஞ்ச் என்னும் அமெரிக்க மருத்துவர் கோட்டிசோன் மருந்தை இந்நோய்க்கு முதன்முதலாகப் பயன்படுத்தி, 1950இல் நோபெல் பரிசிற் பங்குபெற்றார். 1980களில் மெதொற்றெக்சேற் என்னும் மருந்து பெருவழக்காயிற்று. 1998 முதல் உயிரியல் மருந்துகளும் வந்துள்ளன. தொடக்கத்திலேயே தக்க சிகிச்சை பெறின், பலரது விரல்களைக் கோணாமற் காத்தல் இயலும். முதுமையின் இயல்பு இதுவென்று எண்ணி மாதக்கணக்கிற் காலந்தாழ்த்துவதே பெருங்கேடு. முதியோர் பிற நோய்களுக்கும் மருந்துண்பராதலின், ஈரலையும் சிறுநீரகத்தையும் குருதிச் சோதனையாற் கண்காணித்தல் வேண்டும். இந்நோய்க்கு மெதொற்றெக்சேற் வாரத்துக்கு ஒருமுறையே கொடுக்கப்படுவது. அதனைத் தவறுதலாக நாள்தோறும் உட்கொள்வது உயிருக்கே தீங்காகும்.

மருந்தோடு சில எளிய முறைகளும் சேர்தல் நன்று. வீக்கம் மிக்க நாட்களில் மூட்டுக்கு ஓய்வும், தணிந்த நாட்களில் அளவான உடற்பயிற்சியும் வேண்டும். பயிற்சியால் மூட்டுத் தேயும் என அஞ்சுதல் ஆதாரமற்றது. காலை விறைப்புக்கு இளஞ்சூடான நீர் இதமளிக்கும். பாரத்தை விரல்களால் தூக்காது முன்கைகளால் அணைத்தெடுத்தல், கரண்டிக்கும் பேனாவுக்கும் துணி சுற்றிப் பிடியைப் பருமனாக்குதல், ஒரு வேலையைப் பலவாகப் பகுத்து இடையிடையே ஆறுதல் ஆகியவை வலியைக் குறைக்கும். றெனுவாரின் உருளைகளும் இத்தகைய உபாயங்களே; கருவியை உடலுக்கு இசைவிப்பதே அவற்றின் தத்துவம்.

பாரிசு நகரத்து ஓர்சே அரும்பொருட்சாலையில், நீராடும் மகளிரைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்று உளது. 1918, 1919ஆம் ஆண்டுகளில், விரல் நீட்டவும் இயலாத நிலையில் றெனுவார் அதனைத் தீட்டினார். 1919ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி, எழுபத்தெட்டாம் வயதில் அவர் மறைந்தார். அவ்வோவியத்தின் நிறங்களில் நோயின் சாயல் இல்லை. நோய் அவர் கையை வளைத்தது. அக்கை எதற்காக வாழ்ந்ததோ அதனை வளைக்க அதனால் இயலவில்லை.