இன்ஜின் மாற்றிய பழைய வண்டி: புது நம்பர் பிளேட் வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா?

2025 டிசம்பர் 31 கெடு நெருங்க நெருங்க, ஹெச்.எஸ்.ஆர்.பி. என்கிற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் பற்றி வந்த கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. இங்கே புனேயில் கட்கி வாசகர் ஒருவரிடம் 1996 மாடல் பஜாஜ் சேத்தக் இருக்கிறது. மூன்று வருஷம் முன்னால் கிராங்க்கேஸ் உடைந்துபோக, நானா பேட்டில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். இப்போது பிளேட்டுக்கு புக் செய்யப் போனால், இன்ஜின் நம்பரின் கடைசி 5 இலக்கங்களை இணையதளம் கேட்கிறது. வண்டியில் இருப்பதைப் போடுவதா, ஆர்.சி.யில் இருப்பதைப் போடுவதா? பிம்ப்ரி வாசகருக்கு இன்னும் பெரிய தலைவலி. அவருடைய பழைய பெட்ரோல் ஜீப்பில் இருப்பது டீசல் இன்ஜின், ஆர்.சி. இன்னும் பெட்ரோல் என்றே சொல்கிறது.

புக்கிங்குக்கு மட்டும் பதில் வேண்டுமானால் சுலபம்: ஆர்.சி.யில் இருக்கிற நம்பரைப் போடுங்கள், ஏற்றுக்கொள்ளும். ஆனால் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2019 ஏப்ரல் 1க்கு முன் பதிவான வண்டிகளுக்கு இந்த பிளேட் கட்டாயம். திருட்டையும் போலி நம்பரையும் ஒழிக்கத்தான் என்கிறது அரசு. நம் மாநிலத்தில் முதல் கெடு 2025 மார்ச் 31. பிறகு ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், நவம்பர் என்று நீண்டு அந்த வருஷ டிசம்பர் வரை போனது. நீங்கள் தட்டும் இலக்கங்களை இணையதளம் ‘வாகன்’ தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. வாகனில் இருப்பது என்றைக்கோ ஆர்.சி.யிலிருந்து ஏறிய விவரம். ஆக, காகிதத்தைக் காகிதத்தோடு வைத்துப் பார்த்து, ‘பொருந்துகிறது’ என்று சொல்கிறார்கள். பிளேட் பொருத்துகிறவருக்கு பானெட்டைத் திறந்து பார்க்கிற வேலை கிடையாது.

பிம்ப்ரிக்காரரின் ஜீப்பில் இது எங்கே போய் முடியும் என்று பாருங்கள். நான்கு சக்கர வண்டிகளுக்கு முன்னும் பின்னும் பிளேட் போக, முன் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கரும் உண்டு. அதில் பதிவு எண்ணோடு இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் அச்சாகும். பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. டீசலில் ஓடும் இந்த ஜீப்பில் நீல ஸ்டிக்கர்தான் ஒட்டப்படும். எப்போதோ காயலான் கடைக்குப் போன இன்ஜினின் நம்பர்தான் அதில் இருக்கும். கார் என்றால் ஜி.எஸ்.டி. சேர்த்து 879 ரூபாய் பத்துப் பைசா வாங்கிக்கொண்டு, அரசு நியமித்த ஏஜென்சியே தப்பான தகவலை ஹாலோகிராமோடு ஒட்டிக் கொடுக்கிறது. பி.யு.சி. சோதனையும் இதைக் கண்டுபிடிக்கக் கட்டப்பட்டதல்ல. அது புகையை அளக்கிறது, இன்ஜின் நம்பரைத் தேடுவதில்லை.

காகிதமும் இரும்பும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் இடங்கள் குறைவு. முக்கியமானது 15 வருஷம் முடிந்தபின் ஆர்.சி. புதுப்பிக்கும் நாள், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரை பென்சிலால் தேய்த்து எடுத்த படியைப் பார்ப்பார், இன்ஜின் நம்பரையும் பார்க்கலாம். கட்கிக்காரரின் சேத்தக்குக்குக் கணக்குப்படி அந்த நாள் 2026இல். இன்னோர் இடம், விபத்துக்குப் பிறகு வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர். ஆர்.சி.யில் இல்லாத இன்ஜினைப் பார்த்தால் க்ளெய்மை மறுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். புது பிளேட் வாங்கியாச்சே என்கிற வாதம் இந்த இரண்டு இடத்திலும் எடுபடாது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஒரு கேரள வழக்கில் உயர் நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியிருந்ததை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இறுக்கிவிட்டது. அதே தயாரிப்பு, அதே ரக இன்ஜின் என்றால் ஆய்வகச் சான்று எதுவும் வேண்டாம். ஆனால் ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும், புது நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். ஒப்புதல் வாங்காமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யைக் கொடுக்க வேண்டும். இதே பிரிவில் ஒரு சலுகையும் இருக்கிறது: பத்துப் போக்குவரத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கு, முன்ஒப்புதல் இல்லாமலே அதே ரக இன்ஜினை மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம். ஒற்றை ஸ்கூட்டர்காரருக்கு அது இல்லை.

சேத்தக் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில். நானா பேட்டில் வாங்கிய இன்ஜின் ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றியதுதான். அந்த வண்டியின் பதிவை முறைப்படி ரத்து செய்திருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்த நம்பர் இன்னும் யாரோ ஒருவர் பெயரில் உயிரோடு இருக்கும். பில்லில் இன்ஜின் நம்பர் எழுதி வாங்கினீர்களா, கழற்றிய வண்டியின் ரத்துச் சான்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிராங்க்கேஸைத் துடைத்து சாக்பீஸ் தேய்த்தால் நம்பர் தெரியும். அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் கதையே மாறுகிறது, அது திருட்டு வழக்கு வரை போகலாம்.

பிம்ப்ரி ஜீப்பைப் போல வேறு எரிபொருளுக்கு மாற வேண்டுமானால் சான்று வேண்டும். ஆனால் அது உங்கள் வண்டிக்குக் கிடைக்கிற சான்று அல்ல. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் எதுவானாலும், கிட் தயாரிப்பவர் குறிப்பிட்ட மாடலுக்கான கிட்டைச் சோதனைக்கு வைத்து ஒப்புதல் வாங்குகிறார். உங்களுக்கு அதன் நகல்தான். கேஸ் கிட் ஒப்புதல் மூன்று வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அப்படிச் சோதிக்கிற நிறுவனங்களில் இரண்டு புனேயிலேயே இருக்கின்றன: வேதாள் மலைமேல் 1966 முதல் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ., போசரிப் பக்கம் சி.ஐ.ஆர்.டி. ஏ.ஆர்.ஏ.ஐ. என்பதே வாகனத் தயாரிப்பாளர்கள் அரசோடு சேர்ந்து அமைத்த சங்கம். ஜீப்பை ஓட்டிக்கொண்டு மலையேறி ‘என் வண்டிக்கு ஒரு சான்று கொடுங்கள்’ என்று கேட்கிறவருக்கான வாசல் அங்கே இல்லை. ஜெர்மனியில் ஒற்றை வண்டியையும் ஆய்வு செய்து சான்று தரும் முறை உண்டு. நம்மிடம் கம்பெனிக்குக் கதவு இருக்கிறது, ஆளுக்கு இல்லை. அம்பாசிடர் காரில் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை இறக்கி ஊரெல்லாம் ஓட்டிய காலம் போய்விட்டது. அந்த மேட்டடாரும் இங்கே ஆகுர்டியில் செய்ததுதான்.

மற்ற கேள்விகள்.

சிலிண்டர் போர், பிஸ்டன் மட்டும் மாற்றினால்? நம்பர் மாறாது, ஒப்புதல் வேண்டாம்.

சேத்தக்கில் பெரிய இன்ஜின் ஏற்றலாமா? ஆர்.சி.யில் ஏற்ற மாட்டார்கள்.

பிடிபட்டால்? 182ஏ(4) பிரிவின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வங்கிக் கடனில் இருக்கும் வண்டி? முதலில் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம்.

50 வயது தாண்டிய வண்டி, விண்டேஜ் பதிவு கிடைக்குமா? 2021 விதிப்படி வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். வேறு இன்ஜின் ஏற்றியிருந்தால் கிடைப்பது கடினம்.

பிம்ப்ரி ஜீப்பை என்ன செய்வது? பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டுவது ஒன்றுதான் சுத்தமான வழி. அதற்கும் பில்லில் நம்பர் எழுதி வாங்குங்கள்.