முதல் காரே ‘ஃபாஸ்ட்’ காரா? ஈசிஆருக்கு வண்டியைத் திருப்பும் முன் தெரிய வேண்டியவை

2024 நவம்பர் 27. திருப்போரூரை அடுத்த பண்டிதமேட்டில், பழைய மாமல்லபுரம் சாலையோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வேகமாக வந்த கார் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து அவர்கள் மீது ஏறியது. ஐந்து பேரும் அங்கேயே இறந்துபோனார்கள். காரில் வந்தவர்கள் இளைஞர்கள். ஊர் மக்கள் சாலை மறியலில் இறங்கினார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 2 லட்சம் ரூபாய் நிதியுதவியை முதலமைச்சர் அறிவித்தார்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021 ஜூலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சூலேரிக்காடு அருகே நடிகை ஒருவர் ஓட்டிவந்த எஸ்யூவி நள்ளிரவில் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. உடன் வந்த தோழி உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த வாரத்திலும் ஈசிஆரில் வார இறுதிக் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

சிறுசேரியிலோ மகேந்திரா சிட்டியிலோ வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர் முதல் கார் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் “மைலேஜ் பாரு” என்பார்கள். நண்பர்கள், “மச்சி, டர்போ எடு, பிக்கப் சும்மா அள்ளும்” என்பார்கள். நண்பர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்த ‘அள்ளும்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஷோரூமில் யாரும் விளக்குவதில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு வரை, முதல் கார் என்றால் பெரும்பாலும் டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல்தான். மாருதி ஸ்விஃப்டின் அந்த 1.2 லிட்டர் இன்ஜின் தரும் இழுவிசை 113 நியூட்டன் மீட்டர். அதுவும் 4,000 ஆர்பிஎம்முக்கு மேல் போனால்தான் முழுதாகக் கிடைக்கும். இன்ஜின் கத்தும், கார் மெதுவாக வேகம் எடுக்கும். ஓட்டுகிறவருக்கு அந்தச் சத்தமே ஓர் எச்சரிக்கை. இன்று ஹூண்டாய் ஐ20 என் லைனில் இருக்கும் 1 லிட்டர் டர்போ தருவது 120 பிஎஸ் சக்தியும் 172 நியூட்டன் மீட்டர் இழுவிசையும். அந்த இழுவிசை 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. மகேந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவின் 1.2 லிட்டர் நேரடி ஊசி டர்போ 131 பிஎஸ். அறுபது கிமீ வேகத்தை 4.5 வினாடியில் தொடும் என்கிறது நிறுவனம். டாடா 2024இல் கொண்டுவந்த ஆல்ட்ரோஸ் ரேஸரும் 120 பிஎஸ்தான்.

இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழலும் சிறு காற்றாடி, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கிறது. டர்போ என்பது அவ்வளவுதான். ஆனால் அந்தக் காற்றாடி சுழன்று எழ ஒரு நொடி ஆகும். ஆக்ஸிலேட்டரை மிதித்தும் கார் போகவில்லையே என்று இன்னும் மிதிப்பார் புதியவர். மறுநொடி மொத்தமாகப் பாயும். பழகியவர் இதை எதிர்பார்த்தே மிதிப்பார். புதியவர் இந்தப் பாய்ச்சலை முதன்முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் ஓவர்டேக் செய்யும்போது எதிர்த்தடத்தில்தான்.

சட்டம் பார்ப்பது சிசியை மட்டும்

இந்தியாவில் 18 வயதில் எடுக்கும் எல்எம்வி உரிமம் ஆல்ட்டோவுக்கும் செல்லும், 500 பிஎஸ் ஜெர்மன் காருக்கும் செல்லும். புதிய ஓட்டுநருக்கென்று தனி வரம்பு எதுவும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் ‘பி பிளேட்’ ஓட்டும் புதியவர்கள் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள காரை ஓட்ட முடியாது. முதல் கட்ட உரிமத்தில் இருக்கும் 25 வயதுக்குட்பட்டவர், இரவு 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்குக் கீழான ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம். இத்தாலி இன்னும் கறார்: 2024 டிசம்பரில் தளர்த்திய பிறகும், உரிமம் பெற்ற முதல் மூன்று ஆண்டுகளுக்கு டன்னுக்கு 75 கிலோவாட்தான்.

நம் 120 பிஎஸ் ஹேட்ச்பேக்கை இந்தத் தராசில் வைத்துப் பார்க்கலாம். 120 பிஎஸ் என்றால் சுமார் 88 கிலோவாட். எடையை 1,100 கிலோ என்று கொண்டால் டன்னுக்கு 80 கிலோவாட். ஆஸ்திரேலியாவில் தாராளமாகப் பாஸ். இத்தாலியில் மயிரிழையில் ஃபெயில். ஆக, இது அசுர கார் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாடு தன் புதிய ஓட்டுநர்களின் கையில் கொடுக்கத் தயங்கும் எல்லையில் அது நிற்கிறது என்பதும் உண்மை.

பிரிட்டனில் இந்த வேலையை இன்சூரன்ஸ் செய்கிறது. வயது குறைவு, அனுபவம் குறைவு என்றால் பிரீமியம் எகிறும். அதனாலேயே பதினெட்டு வயதுக்காரர் சின்ன இன்ஜினோடு நிறுத்திக்கொள்வார். இங்கே கட்டாய தேர்டு பார்ட்டி பிரீமியம் ஓட்டுநரின் வயதைப் பார்ப்பதே இல்லை, இன்ஜினின் கொள்ளளவை மட்டும் பார்க்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. விளைவு வேடிக்கையானது. 998 சிசி டர்போவில் 120 பிஎஸ் ஓட்டும் 22 வயதுக்காரரும், 796 சிசி ஆல்ட்டோவில் கோயிலுக்குப் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கட்டுவது ஒரே தொகை. வரியும் அப்படியே: 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. சிறிய டர்போ கார்கள் இந்தச் சலுகைக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கின்றன. “வேண்டாம் தம்பி” என்று விலையோ, வரியோ, காப்பீடோ சொல்லப் போவதில்லை.

சாலை என்ன கேட்கிறது?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில், 80 கிமீ வேகத்தில் போகும் பேருந்தை 100இல் முந்துவதாக வைத்துக்கொள்வோம். பின்னால் 20 மீட்டர் இடைவெளி, முன்னால் 20 மீட்டர், பேருந்தின் நீளம், காரின் நீளம் எல்லாம் சேர்த்து 56 மீட்டரைக் கூடுதலாகக் கடக்க வேண்டும். வேக வித்தியாசம் 20 கிமீதான் என்பதால் இதற்குப் பத்து வினாடி பிடிக்கும். அதற்குள் உங்கள் கார் 278 மீட்டர் போயிருக்கும். எதிரே 80இல் வரும் லாரி 222 மீட்டர் நெருங்கியிருக்கும். கண்ணுக்கு முன் அரை கிலோமீட்டர் காலியாக இருந்தால்தான் அந்த ஓவர்டேக் பாதுகாப்பானது. தடம் பிரிக்காத சாலைக்கான மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு உச்சவரம்பே 70 கிமீ என்பது தனிக் கதை.

இங்கே வேகக் காருக்கு நியாயமாக ஒரு பாயின்ட் கொடுத்தாக வேண்டும். சக்தி அதிகமுள்ள கார் எதிர்த்தடத்தில் இருக்கும் நேரத்தைக் குறைக்கிறது. ஆறு வருடம் ஓட்டியவர் கையில் அது உண்மையிலேயே பாதுகாப்பு. ஆனா, ஆறு மாதம் ஓட்டியவர் அந்தச் சக்தியை வைத்து எதிர்த்தடத்தில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதில்லை. முன்பு விட்டுக்கொடுத்திருக்கக்கூடிய சின்ன இடைவெளியிலும் நுழைகிறார்.

பிரேக் கணக்கு இன்னும் கடுமை. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக 1.5 வினாடி, காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர் என்று கொண்டால், 60 கிமீ வேகத்தில் கார் நிற்க மொத்தம் 45 மீட்டர் ஆகும். 100இல் 97 மீட்டர். 120இல் ஏறக்குறைய 130 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் தூரம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. இரவில் லோ பீம் விளக்கு அவ்வளவு தூரம் காட்டாது.

ஈசிஆர் பார்ப்பதற்கு ரேஸ் டிராக் மாதிரி இருக்கும். வலப்பக்கம் சவுக்குத் தோப்பு, இடப்பக்கம் கடல், நடுவே மீடியன். உண்மையில் அது வரிசையாகக் கோத்த மீனவ ஊர்களின் தெரு. கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம் என ஒவ்வொரு ஊரிலும் மீன் கூடையோடு டிவிஎஸ் எக்ஸ்எல் குறுக்கே வரும், மாடு மீடியனில் படுத்திருக்கும், ரிசார்ட் வாசலில் கார் திடீரென்று யூ டர்ன் அடிக்கும். காற்று அடித்தால் சாலையோரம் மணல் சேர்ந்துவிடும். அதில் டயரின் பிடி பாதியாகக் குறையலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம், கூவத்தூர் தாண்டி, விரிவாக்கப் பணி முடியாத இடங்களில் நான்கு வழி சட்டென்று இரண்டாகச் சுருங்கும். கூகுள் மேப் அதைச் சொல்லாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க நடந்த மரணங்களில் 71 சதவீதத்துக்குக் காரணமாகப் பதிவானது அதிவேகம்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஸ்டார் ரேட்டிங். ஐந்து நட்சத்திரம் நல்லதுதான், கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆனால் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப்பின் முன்மோதல் சோதனை நடப்பது 64 கிமீ வேகத்தில். 120இல் போகும் காரின் இயக்க ஆற்றல் அதைப் போல மூன்றரை மடங்கு. அந்த வேகத்தில் அந்த நட்சத்திரங்கள் எந்த வாக்குறுதியும் தரவில்லை.

சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை இஎஸ்சிக்குக் கொடுக்கலாம். வளைவிலோ மணலிலோ கார் வழுக்கத் தொடங்கினால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் அமைப்பு இது. பண்டிதமேட்டில் நடந்ததுபோல் கார் சாலையை விட்டு விலகும் விபத்துகளைக் குறைக்கவே இது உருவானது. பல மாடல்களில் அடிப்படை வேரியன்ட்டில் இருக்காது. விற்பனையாளரும் தானாகச் சொல்ல மாட்டார். பின்பக்கம் மூன்று பேருக்கும் மும்முனை பெல்ட் இருக்கிறதா என்பதையும் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். வீக் எண்டில் அந்த மூன்று சீட்டும் காலியாக இருக்கப் போவதில்லை.

பழைய வேகக் கார் வாங்குவோரின் கதை வேறு. மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த இகோஸ்போர்ட்டின் 125 பிஎஸ் இகோபூஸ்ட்டுக்கும், 2022இல் விடைபெற்ற ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐக்கும் இன்னும் ரசிகர் கூட்டம் உண்டு. வாங்கும் விலை மலிவு. வைத்திருக்கும் செலவு மலிவில்லை. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் பழுதானால் பில் லட்சத்தைத் தொடலாம். பணம் இல்லை என்று வழுக்கை டயரோடும் தேய்ந்த பிரேக் பேடோடும் ஓட்டப்படும் 110 பிஎஸ் கார்தான் இருப்பதிலேயே மோசமான முதல் கார். ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான், முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயமானது அதற்கும் பிறகு என்பதால் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. முந்தைய உரிமையாளர் ‘ஸ்டேஜ் 1 ரீமேப்’ செய்து சக்தியைக் கூட்டியிருந்தால் அதைப் பெருமையாகச் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அதைவிட முக்கியம், மறைத்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியும்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒரு விஷயம். பழைய கார்தானே என்று தேர்டு பார்ட்டி மட்டும் எடுப்பவர்கள் அதிகம். அந்த பாலிசியில் ரோட்டில் அடிபடுபவருக்கு இழப்பீடு உண்டு. காருக்குள் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. மாமல்லபுரத்துக்கு நாலு பேரை ஏற்றிப் போகிறவர் காம்ப்ரஹென்சிவ் பாலிசி எடுத்தே ஆக வேண்டும்.

வேகம் பிடிக்கும் என்பது குற்றமில்லை. அதற்கான இடம் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது: இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த 3.7 கிமீ பந்தயத் தடம். அங்கே எதிர்த்தடம் இல்லை, மாடு இல்லை, வழுக்கினால் ஓடி நிற்க வெற்றிடம் உண்டு.

கார் வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இன்னொன்று. விடிகாலையில், பின்னால் யாரும் வராத காலிச் சாலையில், 50 கிமீ வேகத்திலிருந்து பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் படபடவென்று உதறும். அந்த உதறலை முதல் தடவை உணர்கிற பலர், ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, கார் நிற்கும் வரை மிதித்தபடியே, ஸ்டியரிங்கைத் திருப்பி ஒதுங்க வேண்டும். நாலைந்து முறை செய்தால் கால் பழகிவிடும்.